பிரேக் மாமாவும் டர்போ ஊசியும்

என் மாமா பயந்த சுபாவம் உள்ளவர். இதை எழுதுவதால் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. அவரே எல்லோரிடமும் சொல்வார். லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். மாடிப்படியில் விளக்கு எரியவில்லை என்றால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். அவருக்கு அக்கா என் அம்மா. "சின்ன வயசுல பலூன் ஊதச் சொன்னா, வெடிச்சிருமோன்னு பாதியிலயே முடிச்சுப் போட்டுடுவான். அவன் பலூன் எல்லாம் கத்தரிக்கா சைஸ்லதான் இருக்கும்" என்று அம்மா இன்றைக்கும் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, மற்றவர்கள் ஓட்டப் பயப்படும் கார்களை ஓட்டிப் பார்ப்பது.

மாமா வேலை செய்யும் பட்டறையில் டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வலு ஏற்றித் தருவார்கள். டர்போ என்பது ஒரு சிறிய விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை அதைச் சுழற்றும். சுழலும் விசிறி வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், வலுவும் கூடும். திணிக்கிற அந்த அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். அதை பார் என்ற கணக்கில் சொல்வார்கள். கார் கம்பெனி செய்து அனுப்பியபடியே இருந்தால், பட்டறைக்கு வருகிற பெரும்பாலான கார்களில் பூஸ்ட் புள்ளி ஆறு, புள்ளி எட்டு என்று ஒன்றுக்குக் கீழே நிற்கும். சில கார்களுக்குக் கம்பெனியே ஒன்றுக்கு மேல் வைப்பதும் உண்டு. எல்லாம் அந்த இன்ஜின் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது. பட்டறையில் அதை ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி நான்கு என்று ஏற்றுவார்கள். எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அதற்கு மேல் எல்லை தெரியாமல் ஏறினால் இன்ஜினுக்குள் பிஸ்டன் உடையும். எண்ணெய் சூடான குழாயில் சிந்தித் தீயும் பிடிக்கலாம். மாமா பயப்படுவது அந்தத் தீக்குத்தான்.

கம்ப்யூட்டரில் அளவுகளை மாற்றுபவர் லேப்டாப் அக்கா. மாற்றியதும் மாமா ஓட்டுவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். காலியான சாலையில், மூன்றாவது கியரில், பெடலைத் தரையோடு அழுத்த வேண்டும். பூஸ்ட் காட்டும் மீட்டரில் ஊசி ஏற ஏற மாமா அதை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார்.

"அஞ்சு... ஏழு... ஒம்போது... ஒண்ணு... ஒண்ணு ஒண்ணு... போதும்மா, போதும்மா!"

"இன்னும் இருக்குண்ணே, காலை எடுக்காதீங்க!"

"எடுத்தாச்சு!"

அதனால்தான் அவருக்குப் பிரேக் என்று பெயர் வைத்தார்கள். வேறு ஆளைப் போடலாமே என்று முதலாளியிடம் யாராவது கேட்டால், "மத்தவனுங்க காருக்குள்ள ஏறினா பாட்டு போடுவானுங்க. இவன் ஒருத்தன்தான் சத்தத்தைக் கேக்குறான்" என்பார். உண்மைதான். மாமா கையில் ஒரு இன்ஜின்கூட உடைந்தது இல்லை.

மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. டர்போ விசிறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பூஸ்ட் போதும் என்ற அளவு வந்ததும் அந்தக் கதவு திறந்து, புகையை விசிறிக்குப் போகாமல் வேறு வழியில் தள்ளிவிடும். கதவைத் திறக்க வைப்பது, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயில் வரும் காற்று. அந்தக் குழாய் கழன்றுபோனால் கதவு திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். கதவு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மாமா குழாயைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பால் காற்று அடிப்பார். குழாயைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பிக் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து கார் வெளியே போகும் முன் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். பை காலியாக இருந்தால்தான் காரின் சாவியைக் கொடுப்பார். பட்டறையில் எல்லோரும் அவரைப் பார்த்து இதைப் பழகியிருந்தார்கள்.

அன்று நானும் அத்தையும் பட்டறைக்குப் போனோம். அத்தை என்றால் மாமாவின் மனைவி. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று புரியாமல் நான் சுற்றிக்கொண்டிருந்ததால், துணி வாங்கவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் அத்தையோடு அலைவதே என் பொழுதாக இருந்தது. ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்பதால் எனக்கு அந்த வீட்டில் வாலு என்று பெயர். அன்று துணிக்கடையிலிருந்து திரும்பினால் வீட்டைத் திறக்க வழியில்லை. இரண்டு சாவியையும் மாமாவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மாமா ஒரு சிவப்புக் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார். அது ஒரு பல் டாக்டருடையது. இரண்டே இருக்கை உள்ள, தரையோடு ஒட்டிய கார். கம்பெனி வைத்தது புள்ளி ஏழு. டாக்டர் விருப்பப்படி ஒன்று புள்ளி மூன்றுக்கு ஏற்றியிருந்தார்கள். பல் டாக்டர் நல்ல மனிதர், கலகலப்பாகப் பேசுவார். ஆனால் மாமாவுக்குப் பல் டாக்டர் என்றாலே பயம். காருக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அவரோடு பேசுவார்.

"நீங்க வாய்க்குள்ள விடுற மெஷினும் டர்போ மாதிரிதானே சார், காத்துலதானே சுத்துது?"

"கரெக்ட்! வாங்க ஒருநாள், காட்டுறேன்."

"ஐயோ வேண்டாம் சார், கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

அப்போதுதான் அத்தை போய் நின்றாள். "ரெண்டு சாவியையும் நீங்களே எடுத்துட்டு வந்துட்டா நான் என்ன ஜன்னல் வழியாவா வீட்டுக்குள்ள போறது?"

மாமா குழாயைச் செருகிவிட்டு நிமிர்ந்தார். கையைத் துடைத்தார். கால்சட்டைப் பைகளைத் துழாவினார், பிறகு மேசை இழுப்பறை, பிறகு சாப்பாட்டுப் பை. அத்தை பின்னாலேயே போய்த் திட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுச் சாவி கிடைத்த மகிழ்ச்சியில் மாமா காரின் மூடியைச் சாத்தினார். ஒரு கையால் டாக்டருக்குக் கார்ச் சாவியும் மறு கையால் அத்தைக்கு வீட்டுச் சாவியும் கொடுத்தார்.

"நீங்க அந்தப் பக்கம்தானே போகணும்? என் கிளினிக் அங்கதான், வாங்க விட்டுர்றேன். ஆனா ஒருத்தருக்குத்தான் இடம்" என்றார் டாக்டர்.

அத்தைக்கு ஆசை இருந்தது. கணவர் வாழ்நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கும் இந்த வகைக் காரில் அவள் ஒருமுறைகூட ஏறியதில்லை. இரண்டு கையையும் ஊன்றித்தான் உள்ளே இறங்க முடிந்தது, அதனால் கைப்பையை என்னிடம் நீட்டினாள். "என்னடி இது, தரையில உக்காந்த மாதிரி இருக்கு!" என்று சிரித்தாள். கதவு மூடியது. கார் சீட்டி அடிப்பதுபோல ஒரு சத்தத்தோடு தெருமுனையில் திரும்பி மறைந்தது. பை என் கையிலேயே இருந்தது.

மாமா கை கழுவக் குழாயடியில் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து ஏதோ விழுந்து தொட்டியில் 'டிங்' என்றது.

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னக் கம்பிக் கிளிப்.

மாமா அதை எடுக்கவில்லை. தண்ணீர் அவர் கையின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப் அக்கா வந்து எதேச்சையாகத் தொட்டியைப் பார்த்தார்.

"எந்தக் காரோடது அண்ணே?"

மாமா தெருவைக் காட்டினார்.

"குழாய் மாட்டியிருக்கில்ல?"

"மாட்டினேன். கிளிப் போடல. சூடாகி, அழுத்தம் ஏறினா நழுவிரும்மா."

அக்காவின் முகமும் மாறியதைப் பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது. கம்பெனி அனுப்பியபடியே இருக்கும் காராக இருந்தால் இவ்வளவு பயம் வேண்டியதில்லை. பூஸ்ட் அளவு மீறினால் காரின் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிடும். அந்தத் தடுப்பு இந்தக் காரில் இல்லை. குளிர்ந்த காலை நேரத்தில் கார் குலுக்குகிறது என்று டாக்டர் கேட்டுக்கொண்டதால், அக்கா அந்த எல்லையை எட்டாத உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார். வேண்டாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். ஆனால் மாமா எதற்குத்தான் வேண்டாம் என்று சொன்னதில்லை?

மாமா அத்தையைக் கூப்பிட்டார். என் கையிலிருந்த பைக்குள் போன் அடித்தது. மூன்று பேரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

டாக்டர் எண்ணுக்குப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வந்தது. வண்டி ஓட்டும்போது போனை அணைத்துவிடும் ஒழுக்கமான மனிதர். அக்கா கிளினிக்குக்குப் போன் செய்தார். "டாக்டர் இன்னும் வரலைங்க, வலி மேல் பல்லா கீழ் பல்லா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நீங்க போங்க அண்ணே, நான் இங்கிருந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் அக்கா.

முதலாளி வெளியே போயிருந்தார். பட்டறையில் இருந்தது சாமான் ஏற்றும் டப்பா வேன் ஒன்றுதான். அதற்கு டர்போவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மாமா தொட்டியிலிருந்து கிளிப்பைப் பொறுக்கிக்கொண்டு ஓடி ஏறினார். நான் கேட்காமலே பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

மாமா வேகமாக ஓட்டி நான் பார்த்தது அன்றுதான். திருப்பங்களில் வேனின் பின்னால் இரும்புச் சாமான்கள் உருண்டு மோதின. ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமா "ஐயோ" என்றார், ஆனால் காலை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், "அழுத்தாதீங்க சார், அழுத்தாதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, அவர் மெதுவாத்தான் போவாரு. அத்தை பக்கத்துல இருக்காங்கல்ல?"

"பக்கத்துல ஆள் இருந்தாத்தான், வாலு, அழுத்துவாங்க! தனியாப் போறவன் எதுக்கு அழுத்தப் போறான்?"



நகரத்துக்குள் சிக்னல்கள் இருக்கும், அங்கே வேகம் போக முடியாது. புறவழிச்சாலைதான் ஆபத்து. நீளமான ஏற்றம், பாரம் ஏறும், டர்போ முழு மூச்சில் வேலை செய்யும். அந்தச் சாலைக்குள் நாங்கள் நுழைந்ததும் தூரத்தில் கறுப்பாகப் புகை எழுவது தெரிந்தது. மாமாவின் தொண்டையிலிருந்து இதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. அத்தையின் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உள்ளே வீட்டுச் சாவி இல்லை, அதை அத்தை கையிலேயே வைத்திருந்தாள் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. அந்தச் சாவி அவளோடு அங்கே இருக்கிறது என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

புகைக்குப் பக்கத்தில் போனோம். யாரோ பழைய டயர்களைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஏற்றத்தின் பாதியில் சாலையோரம் சிவப்பு தெரிந்தது. அதே கார். நின்றிருந்தது. விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. அருகில் போய்ப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை.

மாமா வேனைச் சரியாக நிறுத்தாமலே குதித்தார். காரைச் சுற்றி ஓடினார், அடியில் குனிந்து பார்த்தார், தடுப்புக் கம்பிக்கு அப்பால் சரிவை எட்டிப் பார்த்தார். அத்தையைப் பெயர் சொல்லிக் கத்தினார். அவர் அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எதிர்ப்பக்கம் பெட்ரோல் பங்க் இருந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடியவில்லை.

லாரிகள் கடந்து போயின. பங்கின் தண்ணீர்க் குழாயருகே அத்தை முகம் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு தண்ணீர் பாட்டிலோடு குற்றவாளிபோல நின்றிருந்தார்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் சாலையைக் கடந்து வந்தார்கள். "நான் ஒரே ஒரு தடவைதான் அழுத்திக் காட்டினேன். உடனே இந்த அம்மாவுக்கு வயித்தைப் பிரட்டிடுச்சு. நிறுத்து நிறுத்துன்னாங்க. நல்லவேளை, கதவைத் திறக்கிற வரைக்கும் தாங்கிட்டாங்க" என்றார் டாக்டர்.

"குடல் வாய்க்கு வந்துடுச்சுங்க. இதைத்தான் தினமும் ஓட்டுறீங்களா? நீங்க ஏன் இங்க வந்தீங்க, கீழ வேற உக்காந்திருக்கீங்க?" என்றாள் அத்தை.

மாமா எழுந்து காரின் மூடியைத் திறக்கச் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். ரப்பர் குழாய் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் முனையில் நூலிழை அளவுதான் பிடித்திருந்தது. மாமா விரலால் தொட்டதும், தொட்டதற்கே காத்திருந்ததுபோலக் கழன்று தொங்கியது. இன்னொரு முறை அழுத்தியிருந்தால் என்று நான் நினைத்தேன்.

"ஏதாவது பிரச்சினையா?" என்றார் டாக்டர்.

அந்த இடத்தில் மாமா எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு பரிசோதனை, எல்லாக் காருக்கும் செய்வதுதான் என்று சொல்லியிருந்தால் டாக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். மாமா உள்ளங்கையை விரித்தார். கிளிப்பை இறுகப் பிடித்திருந்ததில் தோலில் அதன் வடிவம் பதிந்திருந்தது.

"இதை நான் போட மறந்துட்டேன் சார். என் தப்பு. குழாய் கழண்டிருந்தா பூஸ்ட் நிக்காம ஏறியிருக்கும். நீங்க அந்தத் தடுப்பையும் தூக்கச் சொல்லிட்டீங்க, அதனால கார் தானா நின்னிருக்காது. இன்ஜின் உடைஞ்சிருக்கும். தீ..."

அத்தை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் கையில் தண்ணீர் பாட்டில் நெளிந்து சத்தம் போட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் அந்த ஏத்தத்துல மறுபடி அழுத்தலாம்னுதான் இருந்தேன்" என்றார் மெதுவாக.

மாமா குழாயை அடிவரை செருகிக் கிளிப்பைப் போட்டார். இரண்டு தடவை நழுவியது. போட்ட பிறகு இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். டாக்டர் சாவியை நீட்டினார்.

"நீங்களே பட்டறைக்குக் கொண்டு வந்துடுங்க. அந்தத் தடுப்பை முதல்ல திரும்ப வைக்கணும். நான் வேன்ல வர்றேன். என்னால இப்போ இதைத் தொட முடியாது."

மாமாவாலும் தொட முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார். அத்தை காரின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

"நீ வேன்ல வா" என்றார் மாமா.

"ஏன், சரியா மாட்டலையா?"

"மாட்டிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக உங்களைத் தனியா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?" இரண்டு கையையும் ஊன்றி அவள் உள்ளே இறங்கி உட்கார்ந்தாள்.

டாக்டர் ஓட்ட, நாங்கள் வேனில் அவர்களுக்குப் பின்னால் போனோம். அவருக்கு அந்தக் கியர் பழக்கமில்லை, இரண்டு முறை வண்டி நின்றுபோனது. ஆனாலும் சிவப்புக் காரைப் பிடிப்பதில் சிரமம் ஏதும் இருக்கவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் அதை முந்திக்கொண்டு போனார். டாக்டர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, "உன் மாமா எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"ஆமா சார். இன்னிக்குக் கொஞ்சம் வேகம்."

அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. பட்டறைக்குப் போனதும் லேப்டாப் அக்கா யாரோடும் பேசாமல் முதல் வேலையாக அந்த எல்லையைக் கீழே இறக்கினார். முடித்த பிறகு கழிவறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

மறுநாள் மாமா வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும், எங்கேயோ பார்ப்பார். இனிமேல் அந்த வேலை வேண்டாம், வேறு ஏதாவது பார்க்கலாம் என்றார். திரைச்சீலை தைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று தையல் மெஷினின் முன் உட்கார்ந்தார். ஊசி வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

அத்தை துணியை மடித்தபடியே கேட்டாள். "நீங்க போகலைன்னா அந்த சீட்ல யாரை உக்கார வைப்பாங்க?"

"ஒரு பையன் இருக்கான். நல்லா ஓட்டுவான். துளிகூடப் பயப்படமாட்டான்."

அத்தை மடிப்பதை நிறுத்தினாள். மாமா தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டுக்கொண்டவர்போல அவளைப் பார்த்தார். பிறகு பட்டறைக்குக் கிளம்ப எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினார். வாசலில் இறங்குவதற்கு முன் வீட்டுச் சாவி ஒன்றை அத்தை கையில் கொடுத்தார். பிறகு சட்டைப் பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.